ஒஃபேலியா சிவப்புச் சீட்டு மாட்டிய கார்

ஒஃபேலியா பாராகான் இருபத்தாறு ஆண்டுகளாகச் சான் பீட்ரோ துறைமுக நகரில் முதியோர் ஊர்தி ஓட்டுகிறார். திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் டயாலிசிஸுக்குச் செல்பவர்களை அழைத்துப் போய், முடிந்ததும் வீட்டில் விடுவது அவருடைய தடம். இத்தனை ஆண்டுகளில் அவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. இதை நட்புக்காகச் சொல்லவில்லை. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நானும் அதே நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகள் ஓட்டியவன்தான். வேறொருவர் ஓட்டிய வண்டியைப் பற்றி வந்த புகாரை என் கோப்பில் சேர்த்து, என் வண்டியைப் பறித்துவிட்டார்கள். அன்று நான் விடுப்பில் இருந்ததற்குப் பதினொரு ஆவணங்கள் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று முதல் ஓட்டுநர்களுக்குச் சவாரிகளைப் பிரித்துக் கொடுக்கும் மேசையில் இருக்கிறேன். மாலைகளில் நகர நூலகத்தில் உட்கார்ந்து தொழிலாளர் விதிகளை நானாகவே படித்தேன். பின்னர் சங்கத்தின் பிரதிநிதியும் ஆனேன். ஒஃபேலியா எனக்கு வைத்திருக்கும் பெயர் காகித ராஜா.

சென்ற பிப்ரவரியில் எங்கள் டீசல் வண்டிகளுக்குப் பதிலாக எட்டுக் கார்கள் வந்தன. ஆறு மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டு ஹைட்ரஜனில் ஓடுபவை. கூடவே ஓர் அறிவிப்பும் வந்தது. இரண்டு வகைக் காரையும் ஓட்டித் தேறுபவருக்கே நிலையான தடம். தேறாதவர் யாராவது விடுப்பு எடுக்கும்போது மட்டும் அழைக்கப்படுவார். இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமையுடன் தேர்வு முடிந்துவிடும். பத்து ஓட்டுநர்களில் ஒன்பது பேர் அதற்குள் முடித்துவிட்டார்கள். தன் பயணிகளை வேறொருவரிடம் ஒப்படைக்க மனமில்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டே போன ஒஃபேலியா கடைசி நாளில்தான் வந்தார்.

"பயமா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லப்பா. நான் காதாலதான் ஓட்டுறவ. இஞ்சின் முனகுச்சுன்னா மேடு, இருமுச்சுன்னா குளிரு. இது ஊமையா கெடக்குது. என் ஆளுங்களை இதுல எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

தேர்வாளர் பெயர் கிளிஃப்டன் யார்ப்ரோ. கார்களைக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அனுப்பிய மனிதர். உயரமானவர், எப்போதும் கையில் காப்பிக் கோப்பை. சங்கப் பிரதிநிதி பின்னிருக்கையில் உடன் வரலாம் என்று விதியில் இருப்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

முதலில் மின்சாரக் கார். ஒஃபேலியா பொத்தானை அழுத்தினார், ஓசையில்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறையும் அழுத்தினார்.

"ஆன் பண்ணீங்க, ஆஃப் பண்ணீங்க, திரும்ப ஆன் பண்ணியிருக்கீங்க," என்றார் யார்ப்ரோ. "அப்படியே விடுங்கம்மா. அது முழிச்சிக்கிட்டுதான் இருக்கு."

"முழிச்சிருந்தா ஒரு குரல் குடுக்க வேணாமா?"

தெருமுனைவரை கார் பூனைபோல நகர்ந்தது. சிவப்பு விளக்கைக் கண்டு ஒஃபேலியா காலை எடுத்ததுமே, பிரேக்கைத் தொடாமலே கார் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டது. யார்ப்ரோவின் காப்பி அவர் மடியில் கொட்டியது.

"ஐயையோ! நான் மிதிக்கவே இல்லீங்க!"

"தெரியும். காலை எடுத்தாலே அது வேகத்தைக் குறைச்சு, அந்த ஓட்டத்தைப் பேட்டரிக்குக் கரண்டா திருப்பிவிடும். காலை வெடுக்குன்னு எடுக்காதீங்க. மெதுவா, பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி."

"என் பயணிங்க கையில தெனமும் பிளாஸ்திரி உரிக்கிறவ நான். அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

அடுத்த விளக்கில் கார் நின்றதே தெரியவில்லை. அதற்கடுத்ததில் யார்ப்ரோ தன் கோப்பையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திக்கொண்டார். கேஃபி தெருவின் நீண்ட மேட்டில் ஒஃபேலியா காலைச் சற்றே அழுத்தினார். எங்கள் மூவரின் தலைகளும் ஒன்றாக இருக்கையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. ஒஃபேலியா வாய்விட்டுச் சிரித்தார். டீசல் வண்டி திணறும் அந்த மேட்டில் இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிக்காதவர்கள் குறைவு. இன்று ஒரு சரக்கு லாரியைத் தாண்டிப் போகும்போது, கண்ணாடியை இறக்கி அதன் ஓட்டுநருக்குக் கையசைத்துவிட்டுப் போனார். முதல் தேர்வில் தேறினார். எழுபதுக்கு அறுபத்தாறு மதிப்பெண்.

இரண்டாவது ஹைட்ரஜன் கார். இதில் உண்மையான பயணி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. யூஜின் சுகமோட்டோ தானாகவே முன்வந்திருந்தார். எண்பத்து நான்கு வயது. இளமையில் துறைமுகத்தின் மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். வண்டி நிறுத்தத்தின் வாசல் நாற்காலியில், மடியில் கம்பளியுடன் காத்திருந்தார்.

யார்ப்ரோ ஹைட்ரஜன் நிரப்பிக்கொண்டு வந்து அந்தக் காரை எங்கள் முன்னால் நிறுத்தினார். சாவியை ஒஃபேலியாவிடம் கொடுத்தார்.

ஒஃபேலியா உடனே ஏறவில்லை. வண்டி எதுவானாலும் முதலில் அதைச் சுற்றி வருவது அவர் வழக்கம். சக்கரங்களைத் தட்டினார், விளக்குகளைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, கைவிளக்கை அடித்துக் காரின் அடியில் பார்த்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தேங்கியிருந்தது. மேலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுந்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்தார். 'அடியில் ஒழுக்கு. ஓட்டக் கூடாது' என்று தேதி, மணியுடன் எழுதிக் கண்ணாடியில் மாட்டினார்.

"என்னம்மா பண்றீங்க?" யார்ப்ரோ பதறிவிட்டார். "அது தண்ணி! ஹைட்ரஜன் கார் புகை விடாது, தண்ணிதான் விடும். அதுதான் இதோட பெருமையே!"

"தண்ணின்னு நீங்க சொல்றீங்க. குடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

யார்ப்ரோ தன் கோப்பையைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார். சுகமோட்டோ மெல்ல நடந்து வந்து குனிந்து, சொட்டில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"உப்பு இல்ல. எண்ணெய் இல்ல. மீன் வாடையும் இல்ல. தண்ணியேதான், அம்மணி. ஆனா எனக்கு டாக்டர் ஒரு நாளைக்கு நாலு கிளாஸ்தான்னு அளவு வெச்சிருக்காரு. இந்தச் சொட்டை நர்சுகிட்ட சொல்லிடாத."

ஒஃபேலியாவின் முகம் சிவந்துவிட்டது. சீட்டைக் கழற்றக் கையை நீட்டியவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். மாட்டிய சீட்டை மாட்டியவரே கழற்றக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வகை வண்டிக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அது நகரலாம். எங்கள் மெக்கானிக்குக்கு ஹைட்ரஜன் பயிற்சி இல்லை. பயிற்சி பெற்றவர் வியாழக்கிழமைகளில் மட்டுமே வருவார். மற்றொரு ஹைட்ரஜன் காரோ இன்னும் பதிவாகவில்லை.

"அப்போ தேர்வு முடியலைன்னுதான் எழுத முடியும்," என்றார் யார்ப்ரோ. அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் பேனா மூடியைத் திறந்துவிட்டார். முடியவில்லை என்றாலும் தேறவில்லை என்றாலும் அலுவலகத்துக்கு ஒன்றுதான்; திங்கள் முதல் அந்தத் தடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஒஃபேலியா சுகமோட்டோவின் கம்பளியை மடிக்கத் தொடங்கினார். "என் வாயும் கையும் சும்மா இருக்காது பெரியவரே. பழக்க தோஷம். உங்களுக்கு வேற வண்டி சொல்லுறேன்."

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். என் பெட்டியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தேன்.

முதல் தாள், பயணத்துக்கு முந்தைய சோதனை விதியின் பதினான்காம் பக்கம். வண்டியின் அடியில் எந்தத் திரவம் காணப்பட்டாலும் ஓட்டுநர் சீட்டு மாட்ட வேண்டும் என்கிறது அது. தண்ணீருக்கு விலக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது, யார்ப்ரோ ஹைட்ரஜன் கார் பழுது பார்ப்பதற்கு ஆறு வாரப் பயிற்சி முடித்ததாகக் கூறும் சான்றிதழின் நகல்.

"என் சர்டிபிகேட் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"ஒப்பந்தத்தோட நீங்களே குடுத்தது. ஜனவரி ஒன்பது. மூணு நகல் கேட்டாங்க, நீங்க நாலு குடுத்தீங்க. மிச்சம் என்கிட்ட இருக்கு."

யார்ப்ரோ இரண்டு தாள்களையும் நிதானமாகப் படித்தார். பிறகு வேறெதையோ தேடுபவர்போலத் தன் மதிப்பெண் தாள்களைப் புரட்டினார்.

"ஒம்போது பேரு," என்றார் மெதுவாக. "ஒருத்தரும் குனிஞ்சு பார்க்கலை. புது வண்டிதானேன்னு நேரா ஏறி உட்கார்ந்தாங்க. சோதனைக்குப் பத்து மார்க் இருக்கு. எல்லாருக்கும் கேக்காமலே பத்துப் போட்டுட்டேன்."

கோப்பையைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, அந்த உயரமான மனிதர் கோட்டோடு தரையில் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். சற்று நேரம் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"குடிக்கிறாரோ?" என்றார் சுகமோட்டோ.

வெளியே வந்தவரின் முதுகு முழுவதும் ஈரம். 'ஒழுக்கு இல்லை, இயல்பான நீர் வெளியேற்றம்' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கழற்றினார். நகலுக்காக நான் கையை நீட்டும் முன்னரே என்னிடம் கொடுத்துவிட்டார்.

மணி ஒன்று இருபது. ஒஃபேலியா பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினார். இந்தக் காரும் சத்தம் போடவில்லை. காலை அழுத்தும்போது மட்டும் எங்கோ யாரோ மூச்சை உள்ளிழுப்பதுபோல ஓர் ஒலி எழுந்தது.

"கேட்டீங்களா?" ஒஃபேலியா குழந்தைபோலக் கத்தினார். "இது மூச்சு விடுது! மேட்டுல பெரிய மூச்சு, சமதரையில சின்ன மூச்சு. இது போதும் எனக்கு!"

இருபத்தைந்தாவது தெருவின் உச்சியில் கடல் முழுதாக விரிந்தது. சரக்குக் கப்பல்கள் வரிசையில் நின்றன. இறக்கத்தில் அவர் வண்டியைத் தொட்டிலில் வைத்ததுபோலக் கொண்டுபோனார். சுகமோட்டோ கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியவரே, தூங்கிட்டீங்களா?"

"இல்ல. ஒரு குறை கண்டுபிடிச்சேன். இதுல வந்தா ஆஸ்பத்திரி சீக்கிரம் வந்துடும்போல. இன்னொரு சுத்து போயேன்."

"ரெண்டு மணிக்கு ஊசி காத்திருக்கு. ஏமாத்தப் பார்க்காதீங்க."

ஒன்று நாற்பத்தெட்டுக்கு மருத்துவமனை வாசலில் நின்றோம். சுகமோட்டோவைக் கைப்பிடித்து உள்ளே விட்டுவிட்டு ஒஃபேலியா திரும்பியபோது, யார்ப்ரோ காரின் பானட்டின்மேல் தாளை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். எழுபதுக்கு அறுபத்தெட்டு. சோதனைப் பகுதியில் பத்துக்குப் பத்து. அதன் அருகே, 'இந்த மதிப்பெண் நேரில் கண்டு வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஒஃபேலியா தாளை இரண்டு முறை படித்தார். மடித்து என் சட்டைப்பையில் செருகினார். "பத்திரம், காகித ராஜா." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ திங்கக்கிழமைக்குக் காத்திருக்க வேணாம், இல்ல? தடம் என்னுது, வண்டியும் என்னுது?"

"இந்த நிமிஷத்துலருந்து," என்றார் யார்ப்ரோ.

"நல்லது. ரெண்டேகாலுக்குக் கடலோரத்துல எனக்கு அடுத்த ஆளு நிக்கிறாங்க. சக்கர நாற்காலி, கூடத் தங்கச்சி, ரெண்டு மூட்டை. உங்களுக்கு இடம் இல்ல."

கதவு மூடியது. ஈரக் கோட்டுடன் யார்ப்ரோவும் பெட்டியுடன் நானும் நடைபாதையில் நின்றோம். வளைவில் திரும்பும்போது ஒஃபேலியா தேவையே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

"இங்கேருந்து பஸ் இருக்கா?" என்று கேட்டார் யார்ப்ரோ.

இருந்தது. இருபது நிமிடம் நிற்க வேண்டும். நின்றோம்.