நாற்பத்தொரு நாட்டுக்கு ஓர் அழுகை

பெரிய நிறுவனங்களின் வரலாறு எப்போதும் ஒரு பெட்டியிலிருந்துதான் தொடங்கும். இந்த நிறுவனமும் மரபை மீறவில்லை. உள்ளூர்த் தொலைக்காட்சித் தொடர்களை வெளிநாட்டுச் சேனல்களுக்கு விற்கலாம் என்று ஒரு பெரியவருக்குத் தோன்றியதாம். சூட்கேஸ் நிறைய டேப்புகளை அடைத்துக்கொண்டு, மாற்றுச் சட்டைக்குக்கூட இடமில்லாமல் விமானம் ஏறினாராம். நாற்பதாம் ஆண்டு மலரில் அந்த சூட்கேஸுக்கு முழுப்பக்க வண்ணப்படம் போட்டிருக்கிறார்கள். படத்திலிருப்பது போன மாதம் வாங்கியது. கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.

அந்த மலரில் இல்லாத ஒருவரின் வரலாறு இது. ஆபீசில் அவருக்கு ஸ்டெனோ அக்கா என்று பெயர். முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் விரலின் வேகத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. மூன்று கீபோர்டுகள் வீரமரணம் எய்தின. வாயும் விரலுக்குச் சளைத்ததல்ல. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டால், "ஏன், இல்லாம இருக்கணுமா?" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு வாரத்தில் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

அக்கா உலகப் புகழ் பெற்றது இப்படித்தான். பெரியவர் வருடக்கணக்காக அலைந்த பிறகு, நிறுவனத்தின் முதல் தொடரை ஒரு வெளிநாட்டுச் சேனல் வாங்கியது. நூற்று நான்கு பகுதிகள். ஒரு நிபந்தனை: பேச்சை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாச் சத்தத்தையும் தனியாகத் தர வேண்டும், பேச்சைத் தங்கள் மொழியில் அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். இதற்கு ஆபீசில் மொட்டை டிராக் என்று பெயர். நம் தொடரிலோ பேச்சும் சத்தமும் சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டி மாதிரி பின்னிக் கிடந்தன. பிரிக்க வழியில்லை. எல்லாச் சத்தத்தையும் புதிதாகப் பதிய வேண்டும். அதுவும் முப்பதே நாளில்.

கதவு சாத்துவது, தட்டு விழுவது, செருப்பு தேய்வது எல்லாவற்றையும் ஒலிப்பதிவாளர் ஒற்றை ஆளாகச் செய்து முடித்தார். மிஞ்சியது அழுகை. கதாநாயகி நூற்று நான்கு பகுதிகளில் தொண்ணூற்றேழில் அழுகிறாள். மீதி ஏழில் அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. திரும்ப வந்து அழ முடியுமா என்று நடிகையைக் கேட்டார்கள். இனிமேல் சிரிப்பு வேஷம்தான் என்று சொல்லிவிட்டாள்.

டேப் அனுப்பும் பிரிவு அப்போது மாப்பிள்ளையின் கையில் இருந்தது. பெரியவரின் மகளைக் கட்டியவர். தலை முழுக்க நரைத்துப் பேத்தி பிறந்து, தானே முதலாளியான பிறகும் ஆபீசுக்கு அவர் மாப்பிள்ளைதான். அன்றைக்கு அவர் ஆபீசைச் சுற்றிப் பார்த்தார். தட்டச்சு இயந்திரம் பழுதாகி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரே ஆள்.

"உங்களுக்கு அழ வருமாம்மா?"

"இந்த ஆபீஸ்ல வேலை பாக்குறேன் சார். வராம?"

வந்தது. சுவரெல்லாம் கம்பளி தொங்கும் அறை, ஒரு மைக், ஒரு திரை. வாசலில் சிவப்பு விளக்கு. அது எரியும்போது நெருப்பே பிடித்தாலும் கதவைத் திறக்கக்கூடாது என்பது மாப்பிள்ளையின் சட்டம். அக்கா திரையைப் பார்த்து அழுதார். விசும்பினார், தேம்பினார், கதறினார். ஒவ்வோர் அழுகைக்கும் ஓர் எண், ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சீட்டு. 'எண் 7: விசும்பல், மாமியார் திட்டியது.' 'எண் 19: தேம்பல், தலையணையில்.' தொடர் மேல் தொடராக நாற்பத்தொரு நாடுகளுக்கு விற்றது. எந்த நாட்டுக் கதாநாயகி எந்த மொழியில் பேசினாலும், அழும்போது எல்லோரும் அக்காவாகிவிடுவார்கள்.

வீட்டில் அக்காவின் அம்மா உள்ளூர் ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு, "என்னடி அழுகை இது? நீ இதைவிட நல்லா அழுவியே" என்று நடிகைக்கு மதிப்பெண் குறைப்பார். அண்ணன் மட்டும், "கூலிக்கு மாரடிக்கிற பொழைப்பு, இதுல பெருமை வேற" என்பார். அதுவும் சிரித்துக்கொண்டுதான்.

பிறகு ஒரு நாள் இன்னொரு தொடரின் எண்பத்தெட்டாம், எண்பத்தொன்பதாம் பகுதிகள் வந்தன. கதாநாயகியின் தாய் இறக்கும் கட்டம். டேப் அன்று மாலை விமானத்தில் போக வேண்டும். காலை ஒன்பதுக்கே அக்கா சிவப்பு விளக்குக்குள் போய்விட்டார். பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. அண்ணன். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், தங்கச்சியை உடனே அனுப்புங்கள்.

"உடனே சொல்லிடறேன் தம்பி" என்றார் மாப்பிள்ளை.

அன்று சிவப்பு விளக்கு முப்பது தடவையாவது அணைந்திருக்கும். மாப்பிள்ளை சொல்லவில்லை. டேப் ஏற்றிய வண்டி வாசலைத் தாண்டிய பிறகு, ஐந்தரை மணிக்கு, தேநீர்க் கோப்பையோடு வந்து, "வீட்லருந்து ஏதோ போன் வந்துது போல" என்றார்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆறேகால். அம்மா இரண்டு பத்துக்கே போய்விட்டிருந்தார். நாள் முழுக்க வேறொருத்தியின் தாய்க்கு அழுததில் தொண்டை கட்டி, கண் வறண்டு போயிருந்தது. கட்டில் ஓரத்தில் மரம் போல நின்றார்.

"ஊருக்கெல்லாம் அழத் தெரியுது. பெத்தவளுக்கு ஒரு சொட்டு வரலையா?" என்றார் அண்ணன்.

"எங்கிட்ட யாரும் சொல்லலண்ணே."

"பதினொரு மணிக்கு நானே பேசினேன். உடனே சொல்றேன்னாரு அந்த மனுஷன். பொணத்துக்கு முன்னால நின்னு பொய் சொல்லாத."

அத்தோடு பேச்சு நின்றது. பத்தொன்பது வருடம். கல்நெஞ்சுக்காரி என்ற பட்டம் சொந்தக்காரர்கள் வீடுதோறும் இலவசமாக மறு ஒளிபரப்பானது.

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் மாதக் கடைசியைப் பார்த்திராத பாக்கியசாலிகள். அக்கா விட்டது அழுவதை மட்டும். மறுபடி அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. மாப்பிள்ளை கலங்கவில்லை. அதுதான் பெட்டி பெட்டியாக இருக்கிறதே. பழைய அழுகையை எடுத்துப் புதுத் தொடர்களில் ஒட்டினார்கள். அதிகம் உழைத்தது அந்த நாளில் பதிந்த எண் 98. பதினாறு தாய்மார்களும் ஒன்பது கணவர்களும் ஒரு நாயும் அதைக் கேட்டபடிதான் உலகெங்கும் கண்ணை மூடினார்கள்.

இந்த வருடம் ஒரு வெளிநாட்டுப் பெரிய கம்பெனி, மாப்பிள்ளையின் நிறுவனத்தை மொத்தமாக வாங்க வந்தது. அவர்களுடைய வக்கீலிடமிருந்து ஒரு கடிதம். தொடர்களில் யார் யார் குரல் கேட்கிறதோ அத்தனை பேரிடமும் எழுத்துமூலம் சம்மதம் வேண்டும். நடிகர்கள் கொடுத்த தாள் இருந்தது. வாத்தியம் வாசித்தவர்கள் கொடுத்த தாள்கூட இருந்தது. அழுதவர் கொடுத்த தாள் மட்டும் இல்லை. கேட்டிருந்தால்தானே? நூற்றுப் பன்னிரண்டு அழுகைகள், அறுபத்தொரு தொடர்கள், ஒரே கையெழுத்து. மாதக் கடைசியில் விற்பனை. அக்கா ஓய்வு பெறுவதும் அதே மாதக் கடைசி.

அழுகைகளுக்குப் பட்டியல் அடிக்கும் வேலையும் அக்காவிடமே வந்து சேர்ந்தது. கிடங்கில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் திறந்தார். எண் 98 பெட்டியின் சீட்டில் மாப்பிள்ளையின் அழகான கையெழுத்து. எதையும் எழுதிவைப்பது அவருடைய பெருமைக்குரிய பழக்கம். 'கதறல், தாய் மரணம். 2.10. ஒரே டேக். மிக நன்று.' கீழே, சிவப்பு மையில்: '11.05 வீட்டிலிருந்து போன். தாய் கவலைக்கிடம். பதிவு முடிந்தபின் சொல்லவும்.'

அக்கா சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பட்டியலை ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தார்.

மறுநாள் மாப்பிள்ளை, சம்மதத் தாளோடு ஆண்டு மலரின் அச்சுப்படி ஒன்றையும் கொண்டுவந்தார். அக்காவுக்கும் மலரில் இடம் உண்டாம். கால் பக்கம். "தாயின் மறைவையும் பொருட்படுத்தாது, கடமையே கண்ணாக அன்று ஒலிப்பதிவை முடித்துக் கொடுத்தார்..."

அக்கா படித்தார். மேசையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"ஒரு தப்பு இருக்கு சார்."

"எங்க? மூணு பேர் திருத்தினாங்களே."

"ஆளு தப்பு. பொருட்படுத்தாதது நானில்ல, நீங்க."

சீட்டு மேசைக்கு வந்தது. மாப்பிள்ளை தன் கையெழுத்தைப் பார்த்தார். அது அவரை அடையாளம் கண்டுகொண்டது.

"பழசக் கிளறாதீங்கம்மா. அன்னைக்கு விட்டிருந்தா பிளேன் போயிருக்கும்."

"பிளேன் அடுத்த நாளும் போச்சு சார். எங்கம்மாதான் ஒரே தடவை போனாங்க."

"சரி, என்ன செய்யணும்ங்கறீங்க? முழுப் பக்கம் போடச் சொல்றேன். கலர்ல."

"அதை உங்க சூட்கேஸுக்குப் போட்டுக்குங்க. இது எங்கண்ணன் நம்பர். நான் போட்டா எடுக்க மாட்டாரு. நீங்க போட்டு, இந்தச் சீட்டுல இருக்கிறதை வாசிங்க. என் முன்னால. வாசிச்சா கையெழுத்துப் போடறேன்."

"நீங்களே காட்டலாமேம்மா..."

"அன்னைக்கு அவரு நம்பினது உங்க வாயை. அதே வாய்தான் வேணும்."

முப்பத்தொரு வருடம் மாப்பிள்ளை சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். இன்றைக்கு அக்கா சொல்லி மாப்பிள்ளை போனைத் தட்டினார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"வணக்கம். நான்... நிறுவனத்திலிருந்து..."

"லோன் வேணாங்க" என்றது அந்தப் பக்கம்.

"இல்ல, உங்க தங்கச்சி ஆபீஸ். நான் மாப்பி... முதலாளி பேசறேன்." மாப்பிள்ளை வேர்வையைத் துடைத்தார். "நமது வளர்ச்சிப் பாதையில் எதிர்பாராமல் ஏற்பட்ட ஒரு சிறு தகவல் தாமதம் குறித்து..."

அக்கா பென்சிலால் மேசையைத் தட்டினார். "சீட்டை வாசிங்க சார். மலரை வாசிக்காதீங்க."

வாசித்தார். பதினொன்று ஐந்து. பதிவு முடிந்தபின் சொல்லவும். இரண்டு பத்து. ஒரே டேக். 'மிக நன்று' என்ற இடத்தில் குரல் தடுக்கியது. அதையும் வாசிக்க வைத்தார் அக்கா.



"தம்பின்னு கூப்பிட்டியேய்யா அன்னைக்கு" என்றார் அண்ணன். இணைப்பு அறுந்தது.

மாப்பிள்ளை பேனாவை நீட்டினார். அக்கா சொன்ன சொல் தவறாதவர், கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் பட்டியலில் எண் 98-ஐ மட்டும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அடித்தார்.

"அம்மா, அது இருபத்தாறு தொடர்ல இருக்கு! அத்தனை சாவும் சத்தமில்லாம போயிடும்!"

"போகட்டும். செத்தவங்களுக்காவது கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்."

அந்தப் பெட்டி அக்காவோடு வீட்டுக்குப் போனது. விற்பனை நடந்தது. இப்போது இருபத்தாறு தொடர்களில் கதாநாயகிகள் பிணத்தின் முன் வாயைத் திறக்கிறார்கள், சத்தம் வருவதில்லை. ஒரு வெளிநாட்டு விமர்சகர் இதை ஓசை கடந்த துயரம் என்று புகழ்ந்திருக்கிறார். அந்தக் கலை உத்தியைக் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை என்று நாற்பதாண்டு மலரில் கடைசி நேரத்தில் ஒரு பக்கம் சேர்த்தார்கள். ஸ்டெனோ அக்காவின் கால் பக்கம் அந்த இடத்துக்காக எடுக்கப்பட்டது.

போன் பேசிய நான்காம் நாள் சாயங்காலம் அக்காவின் வீட்டுக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. அண்ணன். தலை முழுக்க வழுக்கை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஏண்டி, அன்னைக்கே என் சட்டையப் புடிச்சு உண்மைய சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன். பொய்யின்னு சொன்னது யாரு?"

"திரும்பச் சொல்லியிருக்கணும்."

"வீட்டுக்கு வந்தேன். பதினோரு தடவை. கதவைத் திறந்தியா?"

"பன்னெண்டாவது தடவை வந்திருந்தா திறந்திருப்பேன்."

"கிழிச்சே. அண்ணியை விட்டு வெளக்கை அணைக்கச் சொன்னவன்தானே நீ?"

"அது கரண்ட் போச்சு!"

"எங்கிட்டயேவா?"

பத்தொன்பது வருடப் பாக்கி. விளம்பர இடைவேளை இல்லாமல் ஒன்றரை மணி நேரம் போனது. இடையில் அக்கா வெந்நீர் கொடுத்தார். அதிலும் சூடு போதவில்லை என்று ஒரு சண்டை. கடைசியில் அண்ணனின் கண் அலமாரி மேலிருந்த பெட்டியில் போய் நின்றது.

"அதுவா?"

"அதுதான்."

"போடு. கேக்கணும்."

"இதைப் போடுற மிஷின் வீட்ல ஏது?"

"ஆபீஸ்ல?"

"ஆபீஸையே வித்துட்டாங்க."

"எதைக் கேட்டாலும் இல்ல. சின்ன வயசுலருந்தே இப்படித்தான் நீ" என்று அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க கிடைக்கும் அந்த மிஷின்?"

"தேடணும்."

"அப்ப தேடு. அதுவரைக்கும் நான் வந்து வந்து கேப்பேன்."

"வா. திட்டு வாங்காம போக மாட்டே."