சுவரில் மாட்டிய கோப்பை

கக்கூஸ் கோப்பை பதிக்கிற தொழிலில், வேலை நன்றாக அமைந்தால் யாரும் விருந்தாளியைக் கூட்டிப்போய்க் காட்ட மாட்டார்கள். நாறினால் மட்டும் உடனே ஆள் அனுப்புவார்கள்.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, என் அப்பா கையில் வாளியைக் கொடுத்துப் பின்சந்து வழியாக மட்டும் வரச் சொன்னார்கள். இரண்டாவது, அந்த வாளியை நான் தூக்க மாட்டேன் என்று சங்கம் சேர்த்துக் கொடி பிடித்தபோது, என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மூன்றாவது, வாளிக் கக்கூஸ் போய்த் தண்ணீர்க் கக்கூஸ் வந்ததும், அது தானாக வந்தது என்றார்கள். நான்காவது, புதுவீட்டில் பால் காய்ச்சும் அன்று கொத்தனாரையும் ஆசாரியையும் சபையில் பெயர் வாசித்துக் கூப்பிட்டு வேட்டி துண்டு கொடுத்தார்கள்; கோப்பை பதித்த எனக்குக் கொல்லைப்பக்கம் வைத்துப் பொட்டலம் நீட்டினார்கள். முதல் மூன்றுக்கும் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன். நான்காவதற்கு என்ன செய்வதென்று நான் படித்த துண்டுப் பிரசுரம் எதிலும் எழுதியிருக்கவில்லை. என்னைப் போலக் குழாயோடு மல்லுக்கட்டிய தோழர்களே, உங்களுக்கும் இந்த நான்காவது தெரிந்திருக்கும்.

முன்வாசல்

எழுபதுகளில் தென்காசியில் ஒரு வீட்டுக்கு முதல்முதலாகப் பீங்கான் கோப்பை வந்தது. வைக்கோல் சுற்றிய கோப்பையைக் கொத்தனார் முன்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே காலெடுத்து வைத்தேன். வீட்டுக்காரர், “நீ சுத்தி வா” என்று பின்சந்தைக் காட்டினார்.

உள்ளே போன கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டு, கோப்பையை வாங்கித் தெருவில் வைத்தேன். வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். “இது போகிற வழியில்தான் நானும் போவேன்” என்றேன். கோவிலுக்குப் போகிறவர்கள், தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. கடைசியில் வீட்டுக்காரர் வெளியே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“சரிவே, முன்வாசல்லயே வாரும். மொதல்ல அத ஒரு துண்டப் போட்டு மூடும். தெருவே பாக்கு.”

சாரல் காலத்து விருந்தாளி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் முதலாளி, மெட்ராஸ்காரர்கள் வருவார்கள் என்று எல்லா அறையிலும் நாற்காலி மாதிரி உட்காரும் கோப்பை கேட்டார். வருகிறவர்கள் யார் யார் என்று கேட்டேன். “உமக்கு எதுக்கு அது, சொன்னத வையும்” என்றார். வைத்தேன். சாரல் முடிவதற்குள் ஆள் அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தால் மூடிகள் உடைந்து, கோப்பை விளிம்பெல்லாம் செருப்புத் தடம். அருவியில் குளித்து எண்ணெய் வழியும் காலோடு ஏறிக் குந்தியிருக்கிறார்கள். ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

கோப்பை வாங்குமுன் கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள். வீட்டில் யார், எப்படி உட்காருவார்கள் என்று பாருங்கள். இதை எனக்குப் புரியவைத்தவர் அந்தக் கட்டிலில் கிடந்தவர்தான். ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன். கோபமே படாமல் பதில் சொன்னார்.

“நாக்காலியில உக்காந்தா எனக்குப் பேச்சுதாம்யா வருது.”

செங்கல் அளவு

எண்பதுகளில், மேலகரத்தில் பரமசிவம் வீடு கட்டினார். குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் மடக்க முடியாமல் ஊர் திரும்பியவர். அவரைக் குந்த வைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அது அவருக்குச் சாவைவிட மோசமாக இருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொன்னார்: கால் இல்லாத கோப்பை, தரையைத் தொடாமல் சுவரில் நிற்கும். கொச்சியிலிருந்து ஒன்று வரவழைத்துவிட்டு என்னிடம் வந்தார். “நீரு மாட்டிக் கொடுத்துட்டா, பால் காய்ச்சுத அன்னிக்கு எல்லாரோடவும் சேத்து ஒம்ம பேரையும் வாசிப்பேன்” என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

தரையில் நிற்கும் கோப்பைக்குக் கம்பெனிக்காரன் வைத்ததுதான் உயரம். சுவரில் மாட்டுவதற்கு உட்காருகிறவன்தான் உயரம். அதனால் செங்கல்லை அடுக்கி அவரை உட்கார வைத்தேன். ஒரு கல் கூட்டினேன், குறைத்தேன், பலகை செருகினேன். யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கிற உயரம் கிடைத்தது. மொசைக் தளம் இன்னும் போடவில்லை என்பது ஞாபகம் வந்து, அந்தக் கனத்தையும் கூட்டிச் சுவரில் கோடு போட்டேன். அவர் மனைவி செண்பகம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட இவுக இவ்வளவு நேரம் உக்காந்து பாக்கல அண்ணாச்சி.”

கொத்தனார் ஏறினார்

கோடு போட்டது அரைக்கல் கனமுள்ள மெல்லிய சுவர்; தொங்கும் கோப்பையைத் தாங்காது. இடித்துவிட்டு முழுக்கல் சுவராகக் கட்டி, இரும்புத் தாங்கிகளைக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும் என்றேன். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். “ஏம்வே, கொடி பிடிச்சு ஊர இடிச்சது பத்தாதா, எஞ்சுவரயும் இடிக்கணுமா?” என்றார். தன் சுவரை இடிக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாருக்கும் வலிக்கும். எனக்கும் அவர் வலியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பரமசிவம் ஒருநாள் தனியாக உட்கார்ந்து அது பெயர்ந்து விழுந்தால், மிச்சக் காலும் போய்விடும்.

இடித்தார், கட்டினார், நாள் முழுக்க முணுமுணுத்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. கான்கிரீட் இறுகியதும் தாங்கியின் மேல் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கோப்பையை மாட்டினேன். கொத்தனாருக்கு மனசு ஆறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நல்ல கனத்த மனிதர், தொப்பென்று உட்கார்ந்தார்.

“விழுந்தா ஒம்ம பேரச் சொல்லுவேன். நின்னா எம்பேரச் சொல்லுவேன்.”

நின்றது.

பால் காய்ச்சிய காலை

செண்பகத்தின் தாய்மாமன் வாசுதேவநல்லூர்க்காரர். வேலைக்காரர்கள் பெயரை அவர்தான் வாசித்தார். மரவேலைக்கு ஆசாரி பெயர் வந்தது, வேட்டி வாங்கினார். கொத்து வேலை, வாங்கினார். மின்சார வேலை, வாங்கினார். அடுத்த வரியில் மாமா நின்றுவிட்டார். தாளை மடக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்து, “சாமி படத்துக்கு முன்னால அந்த வார்த்தை எதுக்கு? தண்ணி வேலைன்னு வாசிச்சிருதேன், வந்து வாங்கிக்கிடும்” என்றார்.

“நான் செஞ்சது கக்கூஸ் வேலை. எழுதினத அப்படியே வாசிங்க. இல்லன்னா துண்டு வேண்டாம்” என்றேன். கொத்தனார் வேட்டியை மடியில் வைத்தபடி, “கேக்காருல்லா, வாசியும்” என்றார். பரமசிவம் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் முன்னால் வந்தாள்.

“மாமா, பஸ்ஸ விட்டு எறங்கி வந்ததும் மொதல்ல எங்க போனீக? போகையில இல்லாத கூச்சம் வாசிக்கையில எதுக்கு?”

சங்கத்து மேடைகளில் என் பெயருக்கு முன்னால் எத்தனையோ பட்டம் போட்டார்கள், ஒட்டி நின்றதென்னவோ, இட்லிக்குக் காத்திருந்த பசிக்காரக் கூட்டத்தின் நடுவே வாசுதேவநல்லூர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்த இந்த ஒன்றுதான்: “கக்கூஸ் வேலை, சு. மாடசாமி.”