பத்து ஆச்சா என்று கேட்ட அண்ணன்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பாதிப் பேர் வீட்டிலாவது அண்ணன் ஓர் ஆண்பிள்ளை கேட்கக்கூடாத கேள்விகளைக் கேட்டிருப்பார். நீங்களும் திட்டியிருப்பீர்கள். அவருடைய ஒரே தங்கை என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். கேட்கப் போவதில்லை. ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா பால் வெட்டினார், அம்மாவுக்குக் களையெடுக்கும் வெளிக்காட்டு வேலை. அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்து படுத்தபோது அண்ணன் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு டிராக்டர் ஓட்டப் போனார். நான் படித்து, தம்பின் நகரில் ஆசிரியையாக இருப்பது அந்த டிராக்டரின் தயவில். பிறகு தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பள்ளி வேன் ஒன்றை வாங்கினார். கடைசிவரை அதுவே அவர் தொழில். தாமதமாக வந்த நாள் ஒன்று உண்டு என்று எந்தப் பெற்றோரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஒழுங்குதான் ஒரு நாள் அவருக்கு எதிரியானது.

அண்ணிக்கு அப்போது தலைப்பிரசவம், டாக்டர் சொன்ன நாள் தாண்டியிருந்தது. ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது, வலி மட்டும் வரவில்லை. “வலி வரட்டும்பா. மொதப் பிள்ளை மெதுவாத்தான் வரும். நீ டிரிப்ப முடிச்சிட்டு வா,” என்றார் அம்மா. அண்ணன் போனார். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டுத் திரும்பினார். ஜெரோம் பிறந்தபோது அழவில்லை.

பிறக்கும் வேளையில் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு போதவில்லை என்று டாக்டர் விளக்கினார். பச்சைத் தண்ணீர், உள்ளே குழந்தை திணறுவதன் அடையாளமாக இருக்கலாமாம். வலிக்குக் காத்திருக்காமல் வர வேண்டுமாம். ஆனால் இந்தத் தாமதம்தான் காரணம் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. அண்ணனுக்கு இல்லை.

ஜெரோம் ஐந்து வயதில் சுவரைப் பிடித்து நடந்தான். பேச்சு நாலைந்து சொல்லோடு நின்றது. அண்ணன் அவனை வீட்டுக்குள் வைக்கவில்லை. வேனின் முன் இருக்கை அவனுடையது என்றாகிவிட்டது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் பள்ளிப் பிள்ளைகளே சண்டைக்குப் போவார்கள்.

கேள்விகள் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கர்ப்பிணி யாரைக் கண்டாலும் அண்ணன் வேனை நிறுத்துவார். “கிளினிக் புக்குல என்ன கலர் ஒட்டியிருக்கு? பிரஷர் இருக்கா? சுகர்? ரெட்டையா? நாள் தாண்டிருச்சா? தண்ணி பச்சையா வந்தா நேரா ஆஸ்பத்திரி, வலிக்கு நிக்காத.” பகாவ் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கர்ப்பிணியின் கணவன் இவர் சட்டையைப் பிடித்துவிட்டான். “அடிக்கணும்னா அடிச்சிக்க தம்பி. அடிச்சிட்டு அந்தப் புள்ளய கிளினிக் கூட்டிட்டுப் போ லா, கால் வீங்கியிருக்கு பாரு,” என்றார் அண்ணன். அவன் கையை எடுத்துவிட்டான். மறுநாள் கிளினிக்குக்கும் போனான்.

என் முறையும் வந்தது. கிளினிக் புத்தகத்தில் எனக்கு மஞ்சள் ஒட்டியிருந்தார்கள். இரத்த அழுத்தம், பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று அர்த்தம். அம்மாவுக்கோ ஒரே பூரிப்பு. வளைகாப்புக்கு வந்த பெண்களிடமெல்லாம், “மஞ்சளே வந்திருக்கு பாருங்க, மங்களகரமா,” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது தாலி மஞ்சள் இல்ல. ஆஸ்பத்திரி மஞ்சள்,” என்றார் அண்ணன், அத்தனை பேர் நடுவிலும். “தங்கச்சி பிரசவத்துக்குத் தோட்டத்துக்கு வரல. செம்மண் ரோட்டுல மழை பேஞ்சா வெளிய வர முடியாது. பகாவுல என் வீட்டுல இருக்கட்டும், ஆஸ்பத்திரி கால் மணி நேரம்.”

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக முடியாத அம்மா அழுதார். மாமியார் வீட்டார் முன்னால் மானம் போனதே என்று நானும் அழுதேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்க்காமல் என் பெட்டியை வேனில் ஏற்றினார்.

பகாவில் அவர் வீட்டில் இருந்த நாள்கள் சிறைவாசம்தான். குழந்தை உள்ளே உதைப்பதைக் காலையிலிருந்து குறித்துக்கொள்ளப் புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. இரவுக்குள் பத்து ஆகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அண்ணன் கணக்கில் அது மதியத்துக்கே ஆகியிருக்க வேண்டும். அண்ணன் வேனிலிருந்தே போன் போடுவார். “பாப்பா, பத்து ஆச்சா?” நாள் முழுக்க இதே பாட்டு.

ஒரு நண்பகல், எரிச்சலில், “ஆச்சு அண்ணே,” என்றேன். உண்மையில் மூன்றுதான் ஆகியிருந்தது.

“பத்தாவது எத்தன மணிக்கு?”

“அது... வந்து...” என்று இழுத்தேன். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் வேன் வாசலில் நின்றது. உள்ளே சீருடையோடு பள்ளிப் பிள்ளைகள், முன்னால் ஜெரோம். அண்ணன் டிரிப்பைப் பாதியில் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து எனக்கும் அண்ணிக்கும் இடம் விட்டார்கள்.

குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்து விழுந்து எழுவதாகத் தாதி மிஸ்ஸி ஒருவர் சொன்னார். உடனே அறுவைச் சிகிச்சை. என் மகள் நீலம் பாரித்து, சத்தமில்லாமல் வெளியே வந்தாள். அங்கிருந்தவர்கள் அவளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். பிறகு அழுதாள். இப்போது பதினேழு வயது, வாயை மூடுவதே இல்லை.

அன்று பிள்ளைகள் தாமதமாக வீடு போனதற்கு எந்தப் பெற்றோரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பொய்யைப் பற்றி அண்ணன் ஒரே ஒரு தடவை பேசினார். “டீச்சராச்சே நீ, பொய்யாவது ஒழுங்கா சொல்ல வேணாமா?” அம்மா தம் கையால் அவருக்குச் சோறு போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் படுத்திருந்தபோதும் அண்ணனுக்குக் கர்ப்பிணிகளிடமிருந்து போன் வந்துகொண்டிருந்தது. அதில் பெயர்களே கிடையாது. ‘தம்பின் ரெட்டை’, ‘பிரஷர் லோரிக்காரர் சம்சாரம்’, ‘கோலா கிளாவாங் சுகர்’ என்று ஊரையும் சிக்கலையும் வைத்துத்தான் பதிந்திருப்பார். “பத்தா?” என்பார். இல்லை என்றால், “போ,” என்பார். அவ்வளவுதான் உரையாடல்.

அண்ணனின் டிரிப்புகளை முகம் கோணாமல் ஓட்டித் தந்த சக வேன்காரர்களுக்கும், கடைசி நாள்களில் பார்த்துக்கொண்ட மிஸ்ஸிமார்களுக்கும், அண்ணிக்குத் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

கூடத்தில் பெட்டி இருந்தது, ஜெபம் நடந்துகொண்டிருந்தது. என் கையில் இருந்த அண்ணனின் போன் அடித்தது. ‘கோலா கிளாவாங் சுகர்.’

“அண்ணே, மணி மூணாச்சு. இன்னும் நாலுதான் அண்ணே. சாயங்காலம் வரைக்கும் பாக்கவா?”

அண்ணன் இல்லை என்று சொல்வதா, என்ன சொல்வது? பக்கத்தில் இருந்த ஜெரோம் என் முகத்தைப் பார்த்தான்.

“பத்தா?” என்றான்.

“இல்லப்பா.”

அவன் போனை என் கையிலிருந்து இழுத்து வாயருகே வைத்துக் கத்தினான். “போ! போ!”

ஜெபம் நின்றுபோனது. அந்தப் பெண் போனாள். எங்கள் அண்ணன் இல்லை என்பதே பிரசவத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

இன்றைய திருப்பலிக்கு அவளும் வருகிறாள், மகனைத் தூக்கிக்கொண்டு. நடுவில் அந்தக் குழந்தை வீரிட்டு அழலாம். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், வெளியே தூக்கிப் போகவும் சொல்லாதீர்கள். அழட்டும்.