எட்டு நிமிஷ வெயில்

அந்த மைக்கின் தலையில் ஒரு நசுங்கல் இருக்கிறது. பேசினால் கரகரக்கும். வாடகைக்குக் கொடுப்பதில்லை. தூக்கிப் போடவும் இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரேசர் டவுனில் ஒரு ஹால். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு அறிவியல் வினாடி வினா. மைக் செட் என்னுடையது. மேடையில் என் அக்கா மகள், பத்தாவது படிப்பவள். பரீட்சை முடிந்ததும் கார்மெண்ட்ஸ் வேலைக்கு அனுப்ப, அக்கா ஒருத்தியிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு தடவை வந்து பார் என்று அக்காவை நான்தான் இழுத்து வந்தேன்.

"ஒலி எது வழியாகப் போகாது?" என்று கேட்டார் வாத்தியார். மற்ற பிள்ளைகள் யோசித்து முடிக்கும் முன் இவள் மைக்கைப் பிடித்தாள்.

"எங்க ஹெட்மாஸ்டர் ரூம் கதவு, சார். எவ்ளோ கத்துனாலும் கேக்காது."

ஹாலே சிரித்தது. விடை வெற்றிடமாம். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மானம் போச்சு. இதுக்காடா கூட்டினு வந்தே?" என்று எழுந்து வாசல்வரை போய்விட்டாள். மேடையில் இருந்தவளோ தானும் சேர்ந்து சிரித்தாள். அடுத்த கேள்விக்கும் முதலில் மைக்கைப் பிடித்தாள். எத்தனையோ மேடைக்கு மைக் கட்டியவன் நான். "ஹலோ, டெஸ்டிங்" தாண்டி ஒரு வார்த்தை அதில் பேசியதில்லை. தப்பாகிவிடுமே என்ற பயம். இவளுக்கு அந்தப் பயம் எங்கே போனது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிலது தப்பு, சிலது சரி. கடைசியில் இன்னொரு பள்ளியோடு சமமாக நின்றாள். சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பள்ளிப் பையன், "உடனே சார், சுட்ச் போட்ட மாதிரி" என்றான். இவள், "எட்டு நிமிஷம்" என்றாள்.

வாத்தியார் நிமிர்ந்தார். "எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது சார். ஜோகுபாளையத்துல எங்க வூட்லருந்து ஸ்கூலுக்கு எட்டு நிமிஷம். வெயிலும் என்கூடவேதான் நடந்து வருது."

சரி என்று அவர் சொன்னதும் குதித்தாள். மைக் கீழே விழுந்தது.

மகள் ஜெயித்த கப்பை அக்கா பார்க்கவில்லை. வாசல் வெயிலில் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெஜமாவாடா? எட்டு நிமிஷமா வந்துனு இருந்துச்சா இது?" மூன்றாவதோடு நின்றவன் நான். நானும் கையை நீட்டினேன்.

பரீட்சை முடிந்து கார்மெண்ட்ஸ்காரி வந்து கேட்டாள். "அது படிக்குது" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

இன்று காலை கடையைத் திறந்தேன். வெயில் நேராக வந்து அந்த நசுங்கலில் நின்றது. அது சூரியனிலிருந்து கிளம்பும்போது நான் ஷட்டரைக்கூடத் தூக்கவில்லை.