வளைவு வீட்டு ஜன்னல்

அந்தத் தெருவில் வீடுகளைக் குறை சொல்ல முடியாது. எந்த வீட்டுக்குள் போனாலும் வெறுந்தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். படுக்கப் போகும்போது வீட்டுக்குள் குப்பை இருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தெருப் பெண்களுக்குத் தூக்கம் வராது. குப்பை வண்டி வருவதோ காலையில். அதுவரை அழுகலை யார் வீட்டில் வைத்துக்கொள்வது? பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு பையை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, காற்று வாங்கப் போகிறவர்கள்போலத் தெரு வளைவு வரைக்கும் நடப்பார்கள். கையை வீசிவிட்டுத் திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார்கள். "இங்கே குப்பை கொட்டாதீர்கள்" என்று அங்கே ஒரு பலகை நட்டிருந்தார்கள். எங்கே கொட்டுவது என்று வழி தெரியாதவர்களுக்கும் அதற்குப் பிறகு தெரிந்துபோனது.

வளைவில் இருந்த வீடு தையல்காரியுடையது.

குவியல் வளர்ந்தால் நாய் கிளறும், ஈ மொய்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று யாராவது ஒருவர் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார். அதுவும் ஒரு சுத்தம்தான். அந்தப் புகை வேறெங்கும் போகாமல் நேரே அவள் வீட்டு முன்னறைக்குத்தான் வரும். முன்னறையில் ஒரு பக்கம் தையல் மெஷின். இன்னொரு பக்கம் ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவள் வீட்டுக்காரர்.

கார் பட்டறையில் பெயிண்ட் அடித்த மனிதர் அவர். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காலமெல்லாம் அடித்தார். கைக்குட்டை மூக்கைத்தான் மறைத்தது, நுரையீரலைக் காக்கவில்லை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மருந்து பாதிதாம்மா. புகை படாமப் பாத்துக்கிட்டா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். பட்டா என் கையில ஒண்ணுமில்ல."

ஜன்னலைச் சாத்தினால் காற்றில்லாமல் திணறுவார். திறந்து வைத்தால் புகை. மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை. "ஆயுசு பூரா அடுத்தவன் காருக்குக் கலர் அடிச்சேன். இப்ப தெருவே சேந்து எனக்கு உள்ளுக்குள்ள கறுப்பு அடிக்குது. நல்ல மனுஷங்க, கூலிகூட கேக்கல."

அவளுக்குச் சிரிப்பு வராது. தெருவில் இறங்கி நாலு வார்த்தை கேட்கவும் வராது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு மெஷினில் உட்கார்ந்தவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அளவு நாடா கையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் தைரியம் வரும். நாடாவுக்குள் நிற்கிறவர்கள் நகர முடியாதல்லவா?

"கையைத் தூக்குங்கக்கா," என்றாள் எதிர்வீட்டு அக்காவிடம்.

அக்கா தூக்கினாள்.

"சாயங்காலக் குப்பையைக் காலையில வண்டிக்கே குடுத்துட்டா நல்லாயிருக்கும்கா. இவருக்குப் புகை ஆகவே மாட்டேங்குது."

"நான் போடறேன்னா நெனைக்கிற? எல்லாம் அந்தப் பின்தெருக்காரங்க. நம்ம தெருவுல யாரு அப்படி?" தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. "சொல்லப்போனா, கொளுத்தறதே உங்களுக்காகத்தான். இல்லன்னா கொசு மொய்ச்சு உன் வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போயிடும்."

தையல்காரி நாடாவைக் கீழே இறக்கினாள். "இடுப்பு போன தடவையைவிடக் கூடியிருக்குக்கா."

அவளால் முடிந்த பழிவாங்கல் அதுதான்.

அன்று சாயங்காலம் அதே அக்கா ஒரு பையை இடுப்போடு அணைத்து மறைத்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், "அண்ணனுக்கு இப்ப தேவலையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள்.

தப்பு பெண்கள் மேல் இல்லை, இரவு முழுக்கக் குப்பையை மூடி வைக்க வீட்டில் ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்று தையல்காரி யோசித்தாள். மிச்சமிருந்த கெட்டித் துணிகளை எடுத்து, மூடியும் சுருக்குக் கயிறும் வைத்து, வீட்டுக்கொரு பை தைத்தாள். கொல்லைக் கதவில் மாட்டிவைத்தால் நாற்றம் வெளியே வராது. காலையில் வண்டி வந்ததும் கவிழ்த்துவிடலாம். வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எல்லாருக்கும் வாயெல்லாம் பல். பிறகு பார்த்தால் ஒரு வீட்டில் அதற்குள் வெங்காயம் இருந்தது. இன்னொரு வீட்டில் துணி மாட்டும் கிளிப்புகள். எதிர்வீட்டு அக்கா கட்டிக்கொடுத்த மகளுக்கே அனுப்பிவிட்டாள். "இவ்ளோ அழகாத் தச்சுட்டு இதுல போய்க் குப்பையைப் போடச் சொல்றியே, மனசு வருமா?"

அதைக் கேட்டு வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "டைலர் மேடம், அடுத்த தடவை கோணல்மாணலாத் தை. அப்பத்தான் குப்பைக்கு ஆகும்."

கோணலாகத் தைக்க அவளுக்கு வராது.

தன் பங்குக் குப்பையை அவள் ஒருநாளும் வளைவில் போட்டதில்லை. வீட்டுக் குப்பை காலை வண்டிக்குப் போகும். வெட்டிய துணித் துண்டுகளை வண்டிக்காரர் வாங்க மாட்டார், துணி எடுக்க உத்தரவில்லை என்பார். அவற்றை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்பாள். பழைய சாமான் வாங்குகிறவர் மூன்று சக்கர வண்டியில் வந்து எடுத்துப் போவார். "மெத்தைக்குள்ள அடைப்பாங்கம்மா. ஒரு துண்டுகூட வீணாப் போகாது," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். எந்த மெத்தைக் கடை என்று அவள் கேட்டதில்லை. கேட்பானேன்? மூட்டை போன பிறகு கட்டிலுக்கு அடியில் தெரியும் வெறுந்தரையைப் பார்த்தால் மனது லேசாகும்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் யூனிஃபார்ம் வேலை குவிந்தது. எல்லாம் அரக்கு நிற பாலியஸ்டர். மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் கொள்ளாமல் கதவுவரை வந்தன. பழைய சாமான்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் அந்திநேரத்தில் வந்த புகை வழக்கமான புகையாக இல்லை. கறுப்பாக, கனமாக, பிசுபிசுவென்று பிளாஸ்டிக் உருகும் நாற்றத்தோடு வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் பிதுங்கியது. அவள் வாளியில் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடினாள்.

நெருப்புக்குள் அரக்கு நிற நாடாக்கள் சுருண்டு சுருண்டு மெழுகுபோலச் சொட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் இன்னும் தீப்பிடிக்காமல் ஒரு மூட்டை. துணிக் கரையையே கயிறாக்கி அவள் போட்ட முடிச்சு அதில் அவிழாமல் இருந்தது.

ஆட்கள் கூடிவிட்டார்கள். பழத்தோலில் யார் பெயரும் எழுதியிருக்காது. குழந்தையைத் துடைத்த காகிதத்துக்கு முகவரி கிடையாது. துணிக்கு உண்டு.

"இது என் வீட்டு ஜன்னல் ஸ்கிரீனுக்கு எடுத்த பூப்போட்ட துணியில்ல?" என்று எதிர்வீட்டு அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. நெடுநாள் சுமையை இறக்கிவைத்த நிம்மதிதான் இருந்தது. "ஊருக்குத்தான் உபதேசமா? நீயுமா?" என்றாள். பிறகு தோளைத் தொட்டு, "சரி விடு. எல்லாரும் மனுஷங்கதான்," என்றாள்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. பழைய சாமான்காரர்தான் கொட்டியிருக்கிறார் என்று சொல்லத் தையல்காரி வாயைத் திறந்தாள். கையில் நாடா இல்லை, வாளிதான் இருந்தது. தண்ணீரை ஊற்றினாள். நெருப்பு பாதி அணைந்து, புகை இரட்டிப்பாக எழுந்து, வீட்டுப் பக்கம் திரும்பியது.

ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது.

"நம்ம துணியா?"

அவள் தலையாட்டினாள்.

"காட்டன் தைன்னு சொன்னேன். கேட்டியா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களில் பழைய சாமான்காரரும் ஒருவர். வாசலிலேயே நின்றார். "அந்த மெத்தைக் கடையை மூடி ரொம்ப நாளாச்சும்மா. இதுவரைக்கும் எங்கெங்கயோ தள்ளிட்டிருந்தேன், இந்தத் தடவை சுமை தாங்காம வளைவுலயே எறக்கிட்டேன். நீங்க அவ்வளவு நம்பிக்கையா முடிச்சுப் போட்டு வெச்சிருப்பீங்க. எடுக்க ஆளில்லன்னு உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரல."

வாய் வராதது என்னவென்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

தெருப் பெண்கள் எல்லாரும் வந்து அவளை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். மெஷினுக்கு அடியில் சேர்ந்திருந்த நூல்வரை பொறுக்கினார்கள். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தார்கள். மாத்திரை அட்டைகள், மருந்து பாட்டில்கள், மூச்சு இழுக்கும் குழாய், எச்சில் துப்பிய டப்பா, அவர் தலையணை எல்லாவற்றையும் எதிர்வீட்டு அக்கா ஒரு பெரிய பையில் திணித்தாள்.

"இதெல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா உனக்குத் தாங்காதும்மா. வீட்ல வெச்சுக்கக் கூடாது," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

எங்கே போகிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. போனவள் சீக்கிரமே திரும்பி வந்து, சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். தையல்காரி எடுத்துக் கொடுத்தாள்.

கொஞ்ச காலம் கழித்து அளவு கொடுக்க வந்த ஒருத்தி நாடாவுக்குள் நின்றபடி, தையல்காரி ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள். "ஏதோ சொல்லிட்டே இருப்பீங்களே. வண்டிக்குக் குடுங்க, அது இதுன்னு?"

"திரும்பி நில்லுங்க," என்றாள் தையல்காரி.

முதுகளவு எடுக்கும்போது ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது. வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாத்துங்களேன்," என்றாள். பழக்கத்தில் தையல்காரியின் கை கொக்கிவரை போனது. கட்டில் இருந்த இடத்தில் இப்போது துணி மூட்டைகள்தான் இருந்தன. கையை இறக்கிக்கொண்டு, அளவு மறந்துபோனதால் மறுபடி நாடாவை வைத்தாள்.