அறுபத்தெட்டு கிலோவுக்கு அடித்த காற்று

என் வீட்டுக்காரரின் எடை அறுபத்தெட்டு கிலோ. இது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாது. முதல்முறை வளைகுடாவுக்குப் போனபோது விசா மெடிக்கலில் நிறுத்துச் சொன்ன கணக்கு. அதற்குப் பிறகு தலை நரைத்தது, சட்டை டபுள் எக்ஸ்எல்லுக்குப் போனது, எடை மட்டும் அசையவே இல்லை. எங்கள் பக்கத்தில் வளைகுடா போய்வந்த ஆண்களில் பாதிப்பேர் இப்படித்தான். மெடிக்கலில் பாஸான உடம்பு ஆயுள் முழுக்கச் செல்லும் என்று நினைப்பு.

யாருக்கும் தொந்தரவில்லாத நினைப்புதான், அவர் ஒரேயடியாக ஊரோடு வந்து ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும்வரை. என்னைத் தினமும் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது தன் வேலை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவள் நான். மற்ற டீச்சர்கள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் பின்னால் உட்கார்ந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். இப்போது எனக்கும் ஒரு பின்சீட்டு.

ஆனால் அதில் உட்காரப் பயமாக இருந்தது. தோவாளை தாண்டினால் காற்று. அங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டுவைத்திருக்கிறார்கள்? ஆடிமாசக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, வண்டியின் பின்பக்கம் என்னையும் கூட்டிக்கொண்டு தனியாக வேறெங்கோ போகப் பார்க்கும். ஒருநாள் வளைவில் பின்சக்கரம் நெளிந்து நடுரோட்டுக்கே போய்விட்டோம். எதிரே வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு, எங்கள் இரண்டு பேர் குடும்பத்தையும் வாய்நிறைய விசாரித்துவிட்டுப் போனார். இனி பஸ்தான் என்று மனசு சொன்னது. வாயைத் திறந்தால் பின்சீட்டு போய்விடுமே என்று பேசாமல் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டியைத் துடைக்கும்போதுதான் செயின் கவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். பின்டயரில் இருக்கவேண்டிய காற்று, ஒரு ஆள் என்றால் இருபத்தெட்டு, இரண்டு ஆள் என்றால் முப்பத்திமூன்று. அவருடைய காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தேன். இருபத்திமூன்று. வளைவில் பின்சக்கரம் ஏன் நெளிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"என்னங்க, காத்து கொறவால்லா இருக்கு?"

"நான்தான் கொறச்சு வச்சிருக்கேன். ஸ்டிக்கர்ல உள்ளது தடியன்மாருக்கு உள்ள கணக்கு. நான் அறுவத்தெட்டு, நீயும் ஒல்லி. நாம ரெண்டுபேரும் சேந்தா ஒண்ணர ஆளு, கேட்டியா?"

அவர் பாலைவனத்தில் பிக்கப் ஓட்டியவர். மணலில் புதையாமல் இருக்க டயரில் காற்றை இறக்கி ஓட்டிப் பழகிய கை. காற்று விஷயத்தில் அவரிடம் வாய்கொடுத்து ஜெயிக்க முடியாது.

நான் வாய்கொடுக்கவில்லை. பரண்மேல் கிடந்த எடை மெஷினை எடுத்துவந்தேன். அதன்மேல் ஏறுகிற ஒரே ஆள் நான்தான், அதுவும் அவர் லீவு முடிந்து கிளம்பும்போது மட்டும். ஏத்தங்காய் சிப்ஸும் ஊறுகாயும் கருவாடும் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பேன். அவர் குனிந்து முள்ளைப் பார்த்து என் எடையைக் கழிப்பார். அதனால் பெட்டியின் எடை தெரியும், என் எடையும் தெரியும். அவரை நிறுக்கவேண்டிய அவசியம் விமானக் கம்பெனிக்கும் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

"ஏறுங்க."

"எனக்க வெயிட்டு எனக்குத் தெரியாதா ஏட்டி?"

"தெரியும்னா ஏறுங்களேன்."

ஏறினார். முள் அறுபத்தெட்டில் ஒரு மரியாதைக்குக்கூட நிற்காமல் தாண்டிப்போய்த் தொண்ணூற்றிரண்டில் நின்றது. மெஷின் துருப்பிடித்துப்போச்சு என்றார். நான் ஏறிக் காட்டினேன். கடைசி லீவில் இருந்ததைவிட ஒரே ஒரு கிலோ கூட. மெஷின்மேல் குற்றமில்லை.

"இருவத்துநாலு கிலோ எக்ஸஸ் லக்கேஜ்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரிக்கத்தான் வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. இருபத்துநான்கு கிலோ. அடுக்குக் கட்டில் போட்ட ஏதோ ஒரு ரூமில், குப்பூஸ் ரொட்டியும் ஹோட்டல் பிரியாணியும் தின்று ஏறிய உடம்பு. நான் சமைத்துப் போட்டு ஏறியது அதில் ஒரு கிலோகூடத் தேறாது.

அவருக்கு அது புரியவில்லை. வேறொன்று புரிந்தது. "அன்னைக்கு லாரி வந்தப்போ பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"பயந்தேன்."

"சொல்லலாம்லா?"

"சொன்னா பஸ்சுல போன்னு சொல்லுவீங்க."

குனிந்து பின்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "ரோடு கெடக்க கெடப்புக்கு ஒனக்கு முதுகு நோவும்லா. மெத்துன்னு இருக்கட்டும்னுதான் கொறச்சேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையில், டயர் சூடாகும் முன்பே, கால் பம்பை மிதித்து முப்பத்திமூன்று ஏற்றினார். ஒரு புள்ளி குறைய நான் விடவில்லை. தோவாளை தாண்டியதும் காற்று வழக்கம்போலப் பாய்ந்து வந்து அடித்தது. வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போனது. ஆனால் ஒவ்வொரு குழியும் நேராக என் முதுகெலும்பில் வந்து இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று காற்றை மீறிக் கத்திக் கேட்டார்.

"சொகமா இருக்கு" என்று நானும் கத்தினேன். நோவுகிறது என்று சொல்லிவிட்டால், அந்த மனுஷன் அங்கேயே வண்டியை நிறுத்திக் காற்றை இறக்கிவிடுவார்.