வெள்ளச்சியைத் தாய்மாமனுக்குக் கொடுக்கலாமா?

"...தாய்மாமனுக்குத்தானக்கா குடுக்கப் போறோம், இதுல என்ன குத்தம் வந்துடுச்சு? நானே எங்க அக்கா மவளத்தான் கட்டியிருக்கேன்!"

கலியமூர்த்தி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். பேச்சு ஒரு நாயைப் பற்றியது. என் கையில் இருந்த போனில் ஃபின்லாந்திலிருந்து வீடியோ கால் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி ராசாத்தி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அதற்கடுத்து அவர் செய்த காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். முன்கதை தெரியாமல் அது விளங்காது.

தஞ்சாவூருக்கு வெளியே ராஜபாளையம் நாய் வளர்த்துக் குட்டி எடுக்கிறவள் நான். வீட்டுக்காரர் துபாய்க்குப் போனபோது, "துணைக்கு ஒரு நாய் வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தபோது பதினொரு நாய் இருந்தன. "நான் ஒண்ணுதானே சொன்னேன்" என்றார். படித்து வந்த தொழில் இல்லை இது. கடிபட்டு வந்த தொழில்.

இப்போது இளம்பிள்ளைகள் போன் பண்ணிக் கேட்கிறார்கள்: "மேடம், வெளிநாட்டுக்கு நாய் அனுப்ப என்னென்ன பேப்பர் வேணும்?" மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் ரத்தப் பரிசோதனை, அதற்கும் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு, சரியான அளவில் கூண்டு. எல்லாம் சொல்லிவிடலாம். சொல்லத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்துக்கு விட்ட நாய்

நம் பக்கத்தில் மாட்டை வாரத்துக்கு விடுவது உண்டு. மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர், கன்றில் இருவருக்கும் பங்கு. எல்லா நாயையும் ஒரே இடத்தில் கட்டி வைத்தால் அவற்றுக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று கண்டபின், நாயையும் அப்படி விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஊரில் சிரித்தார்கள். "நாய வாரத்துக்கு விட்டா குரைப்புல பாதியா பங்கு?" என்று ஒருவர் கேட்டார்.

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. குத்தகைக்கு எடுத்த வயல், பம்புசெட், சுற்றிலும் திறந்தவெளி. ராஜபாளையம் ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதி. முத்து என்ற என் பெண் நாயை அவரிடம் விட்டேன். ஒப்பந்தம் வாய்ப்பேச்சுதான். ஒவ்வோர் ஈத்திலும், அதாவது ஒவ்வொரு முறை குட்டி போடும்போதும், பாதிக் குட்டி எனக்கு, பாதி அவருக்கு. மூன்றாம் ஈத்து முடிந்தால் முத்து அவருக்கே சொந்தம்.

இரண்டு ஈத்து நல்லபடியாக முடிந்தது. முத்துவைத் தன் நாய் என்று சொல்ல இன்னும் ஒரே ஈத்துதான் பாக்கி என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாம் ஈத்தில் பிறந்தவள்தான் வெள்ளச்சி. பங்கு பிரித்தபோது அவர் பக்கம் வந்தவள். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தண்ணீர் நிறத்தில் கண். இந்த ஜாதியில் எல்லோரும் கேட்பது இதைத்தான். அவளுடைய தங்கை மணி என் பங்கு. மணியின் மூக்கில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. இரண்டையும் முத்துவோடு அங்கேயே விட்டு வைத்திருந்தேன்.

எலினா

ஃபின்லாந்தில் எலினா என்று ஓர் அம்மாள். வேட்டை நாய்களை வளர்ப்பவர். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வீரன் என்ற ஆண் குட்டியை வாங்கிப் போனார். வீரன், முத்துவுடன் ஒரே வயிற்றில் பிறந்தவன். பனியில் அவன் ஓடும் வீடியோ வரும்போதெல்லாம், "பாவிப்பய, ஸ்வெட்டர் போட்டிருக்கான்" என்று வேலைக்காரப் பெண்ணுக்குக் காட்டிச் சிரிப்பேன்.

வீரனுக்கு அங்கே ஜோடி கிடையாது. அந்த நாட்டில் இந்த ஜாதியே அவன் ஒருவன்தான் என்றார். பெண் குட்டி வேண்டும் என்று கேட்டார். போட்டோவைப் பார்த்து வெள்ளச்சியைத் தேர்ந்தெடுத்தார். கலியமூர்த்தியும் சம்மதித்தார். ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆரம்பித்தோம்.

எலினா அப்போதே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "எல்லாக் குட்டிகளுக்கும் காது கேட்கிறதா?" இந்த வெள்ளை ஜாதியில் அந்தக் குறை வருவதுண்டு. கேட்கிறது என்று எழுதினேன். பொய் இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

சோதனை என்றால் நம் பக்கத்துச் சோதனை. சோற்றுத் தட்டைச் சிமென்டுத் தரையில் தட்டினால் எல்லாக் குட்டிகளும் ஓடிவரும். வராத குட்டிக்குக் குறை. வெள்ளச்சி முதல் ஆளாக ஓடிவந்தாள். தட்டுகிற அதிர்வு தரை வழியாகக் காலுக்குப் போகும் என்பதோ, பக்கத்துக் குட்டி துள்ளினால் இதுவும் துள்ளும் என்பதோ எங்களுக்கு உறைக்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு மாட்டுத் தரகர் சொல்வார்: "மந்தையோட போறப்ப நொண்டி மாடும் ராஜநடை நடக்கும்." அதைக் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். என் தொழிலுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

செயின் வண்டி

சம்பா அறுவடை. வயலில் செயின் வண்டி இறங்கியிருந்தது. அறுவடை மிஷின் எழுப்பும் சத்தம் உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். கலியமூர்த்தி வரப்பில் நின்றிருந்தார். வண்டி திரும்பி வரும் வழியில், அறுத்துப் போட்ட வைக்கோலில் வெள்ளச்சி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சேற்றில் அதிர்வு அவ்வளவாகப் போகாதோ என்னவோ, அசையவே இல்லை. இவர் கத்தினார். டிரைவருக்கும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் இவரே போய் விழுந்து அவளைத் தூக்கினார்.

"யோவ், நாய்க்காவ நீ சாவப் போறியா?" என்று டிரைவர் இறங்கி வந்து திட்டினாராம்.

போனில் இதையெல்லாம் சொன்ன கலியமூர்த்தி, காரணம் என்று சொன்னது இவ்வளவுதான்: "அசந்து தூங்கிடுச்சுக்கா. குட்டிதானே."

அன்று மாலை அவர் மகன் கண்ணனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. கண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. அந்த வீட்டில் 'செவிடு' என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணன் எழுதியிருந்தான்: "அத்தை, வெள்ளச்சி செவிடு. நான் எப்பவோ சொல்லிட்டேன். எங்க அப்பாவுக்குத்தான் கேக்கல."



ஆளுக்கொரு நியாயம்

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "வெள்ளையா வேணும், ரோஸ் மூக்கு வேணும்னு தேடித்தேடிச் சேர்த்தீங்கன்னா இதுவும் கூடவேதான்மா வரும். முத்துவை இனிமே சேர்க்காதீங்க. மணிக்குக் கேட்டாலும் அவ வயித்துலயும் இது வரலாம்" என்றார்.

இதே தொழிலில் இருக்கும் சேகரிடம் கேட்டேன். "நீங்க ஒருத்தருதான்க்கா இதையெல்லாம் கேட்டுக்கிட்டு! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாங்கறாங்க, நீங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதுவும் தெரியாம சொன்னது. போய்ச் சேர்ந்தப்புறம் அந்த ஊர் குளிர்ல காது போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நாய் வித்த காசு குரைக்கவா போவுது?" முடிவாகக் குரலைத் தணித்துக்கொண்டு, "அனுப்பலைன்னா அந்தக் குட்டிய வச்சு என்ன பண்ணுவீங்க? பழைய ஆளுங்க வச்சிருக்க மாட்டாங்க, தெரியும்ல" என்றார். தெரியும். குறையுள்ள குட்டியை ஈரச் சாக்கில் சுற்றி மூச்சை அடக்கிவிடுவார்கள்.

எலினாவுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் வெள்ளச்சி என் குட்டி இல்லை, கலியமூர்த்தியின் பங்கு. சொன்னால் முத்துவை இனிச் சேர்க்க முடியாது. மூன்றாம் ஈத்து வராது. முத்து அவருக்குச் சொந்தமாகாது. அதுவும் போகட்டும் என்றால், நல்ல காது உள்ள மணியை அனுப்பினாலும் அங்கே இருக்கும் ஒரே மாப்பிள்ளை வீரன். மணிக்குத் தாய்மாமன். இங்கே குறையை விதைத்த நானே அங்கேயும் கொண்டுபோய் நட்டதாக ஆகாதா? அனுப்பாவிட்டால் அந்த நாட்டில் இந்த ஜாதி வீரனோடு முடிந்துபோகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முள்.

வாசலில் நடந்தது

எலினா அழைப்பதாகச் சொன்ன நாளில் கலியமூர்த்தி வீட்டுக்கே போனேன். அவர் முன்னால் பேசுவதுதான் முறை என்று நினைத்தேன். ராசாத்தி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று கண்ணனுக்கு வேலை இல்லை. வெள்ளச்சியின் கழுத்தில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தான்.

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "இந்தத் தாயை இனிமே சேர்க்கக் கூடாதாம்."

பாத்திரச் சத்தம் நின்றது. ராசாத்தி திரும்பாமலே கேட்டாள். "காது கேக்காத புள்ளயப் பெத்தவ இனிமே பெக்கக் கூடாதாக்கா? கண்ணனுக்குப் பொறவு பொறந்தவ நர்சுக்குப் படிக்கிறா. அவ பொறந்திருக்கக் கூடாதா?"

நான் அவசரமாகச் சொன்னேன். "ஐயோ ராசாத்தி, மனுஷங்க வேற, நாய் வேற. மனுஷங்க அவங்களா முடிவு பண்றாங்க. நாய்க்கு நாமதானே ஜோடி சேர்க்கிறோம்? அதனால பாவம் நம்மளது."

"எனக்கு மட்டும் யாரு கேட்டு ஜோடி சேத்தாங்க?"

பேச்சை மாற்றுவதற்காக நான் வீரன் கதைக்குப் போனேன். அவன் தாய்மாமனாயிற்றே, அதுவும் தப்பாயிற்றே என்றேன். பேச்சை மாற்றுவதற்கு அதைவிட மோசமான பேச்சு கிடையாது. அந்த நேரத்தில்தான் நிலைமையைச் சமாளிக்கக் கலியமூர்த்தி அந்தப் பகடியைச் சொன்னார். போனும் அடிக்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு என்னவாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எலினாவுக்கு உண்மை தெரிந்தது. என் வாயால் இல்லை. அவர் கோபப்படவில்லை. யோசித்து, பல வாரம் கழித்து மணியைக் கேட்டார். வீரனோடு சேர்க்க மாட்டேன், வேறு ரத்தம் தேடுகிறேன் என்று எழுதினார். கிடைத்ததா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணியை அனுப்பியது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. முத்துவுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. மூன்றாம் ஈத்து வராததால், பேச்சுப்படி பார்த்தால் அவள் என் நாய். ஆனால் இருப்பது கலியமூர்த்தி வீட்டில்தான். அவளைக் கூட்டிவர நான் போகவுமில்லை, "எப்ப வர்றீங்க?" என்று அவர் கேட்கவுமில்லை. வெள்ளச்சி கண்ணனோடு பட்டறைக்குப் போகிறாள். கிரைண்டர் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கும் ஒரே நாய் அவள்தான் என்று பட்டறை முதலாளி சொல்கிறார்.

பாடம் என்று கேட்டால் என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். குட்டிகளைக் கும்பலாக வைத்துச் சோதிக்காதீர்கள். ஒவ்வொன்றாக, தரையில் கால் படாமல் சோதியுங்கள். குறை தெரிந்தால், வாங்குபவர் மறுபடி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அழகு என்று நாம் கேட்டு வாங்குவதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அது பெரும்பாலும் நாமாக இருப்பதில்லை. இதற்கு மேல் ராசாத்தி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கலியமூர்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டு ராசாத்தியைப் பார்த்தார். பிறகு கண்ணனைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினார். கண்ணன் வெள்ளச்சியைத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தான். முத்துவையும் மணியையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். என் கையிலிருந்து போனை வாங்கி, பச்சையைத் தள்ளி, வெள்ளச்சியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் எலினா கையசைத்தார். வெள்ளச்சி காதைத் தூக்கி அவரையே பார்த்தாள்.

கலியமூர்த்தி குழாயடியில் கிடந்த சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போனார். ஓங்கித் தட்டினார்.

எனக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ராசாத்தி காதைப் பொத்தினாள். தென்னையிலிருந்து காக்கைகள் கிளம்பின, உள்ளே மணி குரைத்தாள், ஃபின்லாந்தில் எலினா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கட்டிலில் இருந்த இருவர் மட்டும் திரும்பாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலியமூர்த்தி இன்னொரு தடவை, முன்னைவிடப் பலமாகத் தட்டினார்.